அஞ்சு லிட்டர் கேனும் ஒரு அவுட் பாஸும்

போன மாசம் ஒரு திங்கக்கெழம எனக்கு ஒரே ஒரு வேலதான் இருந்துச்சி. காலைல ஆறு மணிலருந்து மறுநாள் காலைல ஆறு மணி வரைக்கும் போற ஒண்ணுக்கு மொத்தத்தையும் ஒரு கேன்ல புடிச்சி லேப்ல குடுக்கணும்.

இதுல இன்னா கஷ்டம் கீதுன்னு நீங்க நெனைக்கலாம். நானும் அப்டிதான் நெனச்சேன்.

ஏன் புடிக்கணும்னு மொதல்ல சொல்லிடறேன்.

கும்முடிபூண்டி இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு கம்பெனில பன்னெண்டு வருசமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறேன். வருசா வருசம் மெடிக்கல் செக்கப் நடக்கும். எட பாப்பாங்க, கண்ணு பாப்பாங்க, ரத்தம் எடுப்பாங்க, ஒரு பாக்கெட் பிஸ்கட் குடுத்து அனுப்புவாங்க. பிஸ்கட்டுக்காகவே போறவன் நான்.

இந்த வாட்டி பி.பி. பாத்த நர்சம்மா மறுபடி ஒரு தபா பாத்தாங்க. கைய மாத்தி பாத்தாங்க. அப்பால என் மூஞ்சிய பாத்தாங்க. நூத்தி எழுவதுக்கு நூத்தி பத்து.

எனக்கு ஒண்ணும் பண்ணலியே, நல்லாதான கீறேன்னேன்.

"அது ஒண்ணும் பண்ணாதுங்க. பண்ணும்போது ஒரேடியா பண்ணிடும்"னாங்க. பிஸ்கட் பாக்கெட்ட நீட்டுனாங்க. இந்த வாட்டி பிரிக்காமயே பையில போட்டுகினேன்.

கவரப்பேட்டைல எங்க ஊட்டாண்ட ஒரு டாக்டரம்மா கீறாங்க. அவங்ககிட்ட போனேன். இன்னா சாப்புடுவீங்கன்னு கேட்டாங்க. மதியம் கருவாடு, ராத்திரிக்கி ஊறுகா, ரெண்டுத்துக்கும் நடுவுல அப்பளம்னேன். தண்ணி எவ்ளோ குடிப்பீங்கன்னாங்க. வண்டிய வுட்டு எறங்கி எறங்கி டாய்லெட்டுக்கு போறது பேஜாரு, அதனால தண்ணியே குடிக்கறதில்லன்னேன். இத கொஞ்சம் பெருமையா வேற சொன்னேன்.

முதுகு வலிக்குமான்னாங்க. வலிக்கும், ஆனா மெடிக்கல் ஷாப்ல கேட்டு டெய்லி ஒரு வலி மாத்திர போட்டுக்குவேன், அஞ்சாறு வருசமா பிரச்சனையே இல்லன்னேன்.

எழுதிகினு இருந்த பேனா அங்கயே நின்னுடுச்சி.

அப்பால பொறுமையா சொன்னாங்க. நீங்க ஓட்டற வண்டில ஹைட்ராலிக் ஹோஸ்ல பிரஷர் ஏறிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு கேட்டாங்க. ஹோஸ் புட்டுக்கும்னேன். ஒடம்புலயும் அதேதான், கிட்னில இருக்கறது ரொம்ப மெல்லிசு ஹோஸு, பிரஷரும் ஏத்தி, உப்பும் ஏத்தி, வலி மாத்திரையும் போட்டா அது எத்தன நாளைக்கி தாங்கும்னாங்க. இப்ப இங்க எடுத்த ஒண்ணுக்கு டெஸ்டுல புரோட்டீன் போறது தெரியுது, எவ்ளோ போவுதுன்னு பாக்க ஒரு முழு நாள் ஒண்ணுக்க சேத்து குடுங்கன்னாங்க.

எங்க தெருவுல ஒரு அண்ணன் வாரத்துல ரெண்டு நாளு டயாலிசிஸ்க்கு போய்க்கினு வராரு. அவரு கைல நரம்பு கயிறு மாதிரி பொடச்சிகினு இருக்கும். அன்னிக்கி ராத்திரி தட்டுல ஊறுகா இருந்துச்சி. அந்த கைதான் ஞாபகத்துக்கு வந்துச்சி. ஊறுகாய ஓரமா தள்ளி வெச்சேன்.

லேப்ல ஒரு வெள்ள கேன் குடுத்தாங்க. அஞ்சு லிட்டர். கெட்டுப் போவாம இருக்க உள்ள ஏதோ மருந்து ஊத்திருந்தாங்க. எழுந்ததும் போற மொத ஒண்ணுக்கு வேணாம், அதுக்கப்பறம் மறுநாள் காலைல போறது வரைக்கும் ஒரு சொட்டு வுடாம புடிக்கணும், ஒரு தபா மிஸ் ஆனாலும் மொதல்லருந்து ஆரம்பிக்கணும்னாங்க. லீவு நாளு பாத்து ஊட்லயே இருந்து பண்ணுங்கன்னும் சொன்னாங்க.

ஞாயித்துக்கெழம ஆர்.கே.பேட்டைல மச்சினிச்சி புது ஊட்டு ஜெபம். அங்க கேனோட போயி நின்னா மாமியார் ஊட்ல எனக்கு மிச்சம் கீற மரியாதையும் போய்டும். திங்கக்கெழம லீவு போடுன்னா என் ஊட்டுக்காரி எஸ்தரு. ஒண்ணுக்கு போறதுக்கு எவனாவது லீவு போடுவானான்னு கேட்டேன்.

ஆக, திங்கக்கெழம கேன சாப்பாட்டு பையில வெச்சிகினு டூட்டிக்கு போய்ட்டேன்.

கேன் மேல ஒரு லேபிள் ஒட்டிருந்துச்சி. என் பேரு, வயசு, கீழ யூரின்னு கொட்ட எழுத்துல இங்கிலீஷ்ல. லாக்கர் ரூம்ல நாலு பேரு பாத்தா இன்னா ஆவறது? கிழிச்சி போட்டேன். லேபிள் இல்லாம வெச்சா எவனாவது ஜூஸுன்னு நெனச்சி வாய வெச்சிடுவானேன்னு அடுத்த பயம். மார்க்கர எடுத்து கேன் மேலயே எழுதுனேன்.

ஆயில். தொடாதே.

எழுதிட்டு ரெண்டடி பின்னால போயி நின்னு பாத்தேன். நம்ம மூளையே மூளன்னு நெனச்சிகினேன்.

தண்ணி குடின்னு டாக்டரம்மா சொன்னாங்களேன்னு அன்னிக்கி குடிச்சேன் பாருங்க, மணிக்கு ஒரு தபா பைய தூக்கினு டாய்லெட்டுக்கு ஓட்டம். சாப்பாட்டு பைய எதுக்கு அங்க எடுத்துனு போறன்னு கூட வேல செய்றவன் கேட்டான். வெளிய வெச்சா எவனாவது எடுத்துடுவான்னேன். மதியம் அவன் வேற டேபிள்ல போயி ஒக்காந்து சாப்ட்டான்.

நாலரைக்கி ஷிப்டு முடிஞ்சிது. கேன்ல ஒன்றரை லிட்டர் சேந்துடுச்சி. ஏதோ சாதிச்ச மாதிரி இருந்துச்சி.

கேட்டாண்ட லைன் நீளமா நின்னுகினு இருந்துச்சி. அப்பதான் ஞாபகம் வந்துச்சி. அதுக்கு முந்தின வாரம் ஸ்டோர்லருந்து ரெண்டு கேன் ஹைட்ராலிக் ஆயில் காணாம போச்சி. வெளிய போற எல்லார் பையையும் தொறந்து பாப்போம்னு காலை மீட்டிங்ல சொன்னாங்க. நானும் நின்னு தலையாட்டுனேன்.

கேட்ல ரங்கய்யா அண்ணன். ஆந்திரா பார்டர்காரு. டெய்லி எனக்கு டீ வாங்கி தர்றவரு. பைய வாங்குனாரு, கேன வெளிய எடுத்தாரு, எழுத்து கூட்டி படிச்சாரு.

"இன்னா நைனா, ஆயில்னே எழுதி வெச்சிகினு எடுத்துனு போறியே."

அது ஆயில் இல்லண்ணேன்னேன். அப்ப இன்னான்னாரு. பின்னால நாப்பது பேரு. அதுல பேக்கிங் செக்ஷன் பொண்ணுங்க பத்து பேரு. நான் கம்னு நின்னேன். கம்னு நிக்கறவனத்தான் எல்லாரும் திருடன்னு நம்புவாங்க.

ரங்கய்யா அண்ணன் வருத்தத்தோட செக்யூரிட்டி ஆபீசர கூப்ட்டாரு. அவரு பேரு தணிகாசலம். பட்டாளத்துல இருந்துட்டு வந்தவரு. மீசைக்கி தனியா சம்பளம் குடுக்கலாம், அவ்ளோ வேல செய்யும். கேன வாங்கி வெயில்ல தூக்கி புடிச்சி பாத்தாரு. கலரு சரியாதான் கீதுன்னாரு. மூடிய தொறந்து, மூடில ரெண்டு சொட்டு வுட்டாரு.

"சார், வேணாம் சார்"னேன்.

"ஏன், பயமா இருக்குதா?"

"எனக்கு இல்ல சார்."

அவரு கேக்கல. கட்ட வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சி நல்லா தேச்சி பாத்தாரு. வழவழப்பே இல்லியே, தண்ணி கலந்துட்டியான்னாரு. அப்பால மோந்து பாத்தாரு. லேபு ஊத்துன மருந்து வாடதான் மேல வந்துச்சி போல. கெமிக்கல் ஏதோ கீதுன்னு முடிவு பண்ணி எச்.ஆர். மேடத்துக்கு போன் போட்டாரு.

 ஒரு தபா திருட்டு கேசுன்னு பேரு எழுதிட்டா பன்னெண்டு வருச சர்வீசும் அவ்ளோதான். அந்த நேரத்துலதான் எனக்கு மறுபடி ஒண்ணுக்கு வேற முட்டிகினு வந்துச்சி. கேனோ அவரு கைல.

நித்யா மேடம் வந்தாங்க. என் பொண்ண வுட ஏழெட்டு வயசு பெரியவங்களா இருப்பாங்க. அந்த பொண்ணு முன்னால அந்த வார்த்தைய எப்டி சொல்றது? கம்பெனி பொருள் இல்ல மேடம், என் சொந்தப் பொருள்னேன்.

சொந்தப் பொருள்னா பில் இருக்கான்னாங்க.

"பில் இல்ல மேடம். நானே தயார் பண்ணது."

"வீட்லயா?"

"கொஞ்சம் ஊட்ல. மீதி இங்க."

"கம்பெனி டைம்ல, கம்பெனிக்குள்ளயா?"

ஆமான்னேன். பொய் சொல்லி பழக்கம் இல்ல. ரங்கய்யா அண்ணன் தலைல கைய வெச்சிகினாரு.

டூட்டிக்கு உள்ள போறப்ப கேட் ரேக்குல குடுத்து வெச்சிருந்த என் போன வாங்கி நீட்டி, ஊட்டுக்காரிய கேளுங்க, டாக்டர் சீட்டு ஊட்லதான் கீதுன்னேன். தணிகாசலம் சாரு ஸ்பீக்கர்ல போட்டாரு. லைன் மொத்தம் நெருங்கி வந்து நின்னுச்சி.

எஸ்தரு போன எடுத்ததும் அந்தப் பக்கம் யாருன்னே கேக்கல.

"இன்னாங்க, ஒண்ணுக்கு கேனு பத்திரமா கீதா? சிந்திடாம எடுத்துனு வாங்க. ஒரு சொட்டு போனாலும் மறுபடி மொதல்லருந்து புடிக்கணும்."

 

தணிகாசலம் சாரு போன கட் பண்ணல. கேன கீழ வெச்சாரு. ரெண்டு வெரல மட்டும் ஒடம்புல படாம தள்ளி நீட்டி புடிச்சிகினு, பரேடுல போற மாதிரி நேரா குழாயாண்ட போனாரு. தண்ணி கொட்டற சத்தம் ரொம்ப நேரம் நிக்கவே இல்ல.

மேடம் சிரிக்கல. செவுத்த பாத்து திரும்பிகினாங்க, தோளு மட்டும் குலுங்கிச்சி. திரும்புனப்ப கண்ணு செவந்திருந்துச்சி. டெஸ்டுக்கான்னு கேட்டாங்க. பி.பி.ன்னு சொன்னேன், கிட்னில கொஞ்சம் சந்தேகம்னாங்கன்னேன். அத சொல்லும்போது என் கொரலு போன போக்கு எனக்கே புடிக்கல. அவங்க மூஞ்சி மாறிடுச்சி. போய்ட்டு வாங்கண்ணா, மொதல்லயே சொல்லிருந்தா நானே லீவு குடுத்திருப்பேனேன்னாங்க.

ஆனா ரங்கய்யா அண்ணன் வுடல. எந்தப் பொருள் வெளிய போனாலும் அவுட் பாஸ் வேணும், மேலேருந்து ஆர்டர்னாரு. நோட்ட தொறந்தாரு. பொருளோட பேருங்கற எடத்துல மெடிக்கல்னு எழுதுனாரு. அளவு ஒன்றரை லிட்டர். அப்பால பேனாவோட நிமிந்து பாத்தாரு.

"இது திரும்பி வர்ற பொருளா, வராத பொருளா நைனா?"

வராதுண்ணேன்னேன். மேடம் கையெழுத்து போட்டாங்க. நானும் போட்டேன்.

அதுக்குள்ள கம்பெனி பஸ் போயே போச்சி. கேன தூக்கினு மறுபடி உள்ள டாய்லெட்டுக்கு ஓடுனேன், ரெண்டு நிமிசம் தாமசமாயிருந்தா அந்த நாள் உழைப்பே வீணாயிருக்கும். திரும்பி வந்தா அளவு மாறிடுச்சேன்னு ரங்கய்யா அண்ணன் நோட்டையும் என்னையும் மாறி மாறி பாத்தாரு. அப்பால என்ன நெனச்சாரோ, நோட்ட மூடிட்டாரு.

மறுநாள் லேப்ல இருந்த பொண்ணு கேன் மேல எழுதிருந்தத ரெண்டு வாட்டி படிச்சிட்டு, எதுவும் மிஸ் ஆகலியேன்னு கேட்டுது. எங்க செக்யூரிட்டி ஆபீசர் வெரல்ல ரெண்டு சொட்டு போச்சுன்னு சொன்னேன். பரவால்லன்னுச்சி. எப்டி போச்சின்னு கேக்கல. நல்ல வளர்ப்பு.

ரிசல்ட்டு ரெண்டு நாள்ல வந்துச்சி. புரோட்டீன் கொஞ்சமாதான் போவுது, சரியான நேரத்துல வந்துட்டீங்கன்னாங்க டாக்டரம்மா. பி.பி. மாத்திர டெய்லி போடணும், நல்லா ஆயிட்டேன்னு நீங்களா நிறுத்தக் கூடாது, வலி மாத்திரைய தொடவே கூடாது, கருவாடும் ஊறுகாவும் கட், முதுகுக்கு தனியா வைத்தியம் பாக்கலாம், மூணு மாசம் கழிச்சி மறுபடி டெஸ்டுன்னாங்க. வெளிய வந்து, வண்டி சாவிய தேடற மாதிரி அஞ்சு நிமிசம் அங்கயே நின்னேன். சாவி கைலதான் இருந்துச்சி.

கம்பெனில ஒரு வாரம் என்ன வெச்சி ஓட்டுனாங்க. ஆயில் சேஞ்ச் பண்ணியான்னு கேப்பானுங்க. அப்பால ஒவ்வொருத்தனா தனியா வந்து, அந்த டாக்டரம்மா எங்க கீறாங்க, எத்தினி மணிக்கி பாப்பாங்கன்னு காதாண்ட கேட்டானுங்க.

ரெண்டு வாரம் கழிச்சி தணிகாசலம் சாரு என் வண்டியாண்ட வந்து நின்னாரு. திட்டத்தான் வராருன்னு இன்ஜின ஆஃப் பண்ணேன். பட்டாளத்த வுட்டு வந்ததுலருந்து ஒரு தபா கூட பி.பி. பாக்கலப்பா, தல அடிக்கடி கனக்குதுன்னு மெதுவா சொன்னாரு. அன்னிக்கி சாய்ங்காலமே டாக்டரம்மாகிட்ட கூட்டினு போனேன். பி.பி. பட்டிய கைல கட்டும்போது கண்ண மூடிகினு விறைப்பா ஒக்காந்திருந்தாரு.

அவருக்கு நூத்தி எம்பத்தி நாலு. என்னுது வுட ஜாஸ்தின்னு கேட்டதும் எனக்கு மாத்திர இல்லாமயே பத்து பாயிண்ட் எறங்கிடுச்சி.