வால்வு மாட்டிய ஞாயிறு

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே கார் "புஷ்ஷ்" என்றது.

"வாங்க வர்றவரு டயர் வெடிச்சிருச்சுன்னு எறங்கி ஓடிருவாரு," என்றாள் சுகுணா.

அவள் கணவன் முனிவேலுக்குப் புனேவுக்கு மாற்றல். நாளை கிளம்ப வேண்டும். டர்போ கார் இன்று விலைபோகாவிட்டால் மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டு வாசலிலேயே நின்று துருப்பிடிக்கும். மதியம் கிருஷ்ணகிரியிலிருந்து குலாம் முகம்மது பார்க்க வருகிறார்.

"டர்போ காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுது. கால எடுத்தா இன்ஜினுக்குப் போற வழி மூடிக்கும். தள்ளுன காத்து எங்க போகும்? பைபாஸ் வால்வு திறந்து விடணும். நம்ம வால்வு வெளிய விடுது, அதான் சத்தம். இந்தப் புது வால்வு திரும்ப டர்போ வாய்க்கே அனுப்பிரும்," என்று கையிலிருந்ததைக் காட்டினான் முனிவேல்.

"கம்முனு இருந்தாச் சரி."

தொழிற்சாலையில் முனிவேல் மாட்டும் வால்வுகளுக்கெல்லாம் திறக்கச் சொல்லும் சிக்னல் அழுத்தக் குழாயிலிருந்துதான். புது வால்வை மாட்டி, கைப்பழக்கத்தில் அதன் சின்ன ரப்பர் ஹோஸையும் அங்கேயே சொருகி, தெருவில் ஓட்டினான். வால்வு திறக்கவே இல்லை. காற்று திரும்பி டர்போ விசிறியில் மோதியது. குடுகுடுகுடு!

மாடியிலிருந்து வீட்டுக்கார நாராயணம்மா எட்டிப் பார்த்தார். "ஏப்பா, புறா வளக்கிறியா? குடி வர்றப்பவே வேணாம்னேன்ல?"

"புறா இல்லக்கா, டர்போ!"

"எதுவா இருந்தாலும் எச்சம் போடக் கூடாது."

முனிவேல் பல்லைக் கடித்தான். காலை எடுத்ததும் இன்ஜின் பக்கத்துக் குழாயில் ஓர் உறிஞ்சல் உண்டாகும். அதுதான் வால்வைத் திறக்க வேண்டும். ஹோஸைப் பிடுங்கி அங்கே மாற்றினான். பிடுங்கிய இடத்து ஓட்டையை மறந்தான். மிதித்ததும் அது "வீல்" என்று கத்தியது.

சுகுணா உள்ளே ஓடினாள். அதே வேகத்தில் திரும்பி வந்தாள். "ஏங்க, அடுப்புல குக்கரே இல்லையே!"

ஓட்டைக்கு மூடி போட்டு, கிளிப்பை இறுக்கி, சட்டையெல்லாம் கரியோடு மறுபடி ஓட்டினான். சத்தமே இல்லை. முனிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

குலாம் முகம்மது மகள் நபீலாவோடு வந்தார். ஸ்டீயரிங்கில் அவர், பக்கத்தில் முனிவேல், பின்னால் நபீலா. வேகமெடுத்தார், காலை எடுத்தார். மறுபடி. மறுபடி. முகம் வாடி இறங்கினார்.

"வீட்ல யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

"என்ன குறை பாய்? ஒரு பொட்டுச் சத்தம் வந்துச்சா, சொல்லுங்க!"

நபீலா தயங்கினாள். "அதாங்கண்ணா குறை. போன வாரம் சூளகிரியில இந்த வண்டி எங்களத் தாண்டிப் போச்சு. கண்ணாடியில 'விற்பனைக்கு'ன்னு ஒட்டியிருந்த போன் நம்பரை அத்தா குறிச்சதே அந்த 'புஷ்ஷ்'ஷுக்காகத்தான்."