மேம்பாலத்தின் கீழ் ஒரு கார்புரேட்டர்

ஓரளவு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் நன்றாக ஓடும் என்ற நம்பிக்கை ஆண்களுக்குப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், வயிறு நிறைந்த பிறகுதான் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. அன்று தோசையும் கோழிக்குழம்பும். (பாதிப் பழி குழம்புக்குப் போக வேண்டும்.)

அப்போது எனக்கும் மாலதிக்கும் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிள்ளானில் அவளுடைய அப்பா வீட்டு மாடியில் குடியிருந்தோம். மாமனார் லோரி ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். தன்னுடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை எனக்குக் கொடுத்திருந்தார். அதில் ஒரே ஒரு குறை. சிக்னலில் நிற்கும்போது கைப்பிடியை லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். "புடிச்சிக்கிட்டே இருந்தா ஓடும் மாப்ள" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். பல வருடம் அவர் அப்படியே ஓட்டியிருக்கிறார். நான்தான் அதை ஒரு நோயாகப் பார்த்தேன்.

துறைமுக அலுவலகம் ஒன்றில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பது என் வேலை. எஞ்சினுக்கும் எனக்கும் உள்ள உறவு பெட்ரோல் ஊற்றுவதோடு சரி. ஆனால் கைப்பேசியில் கார்புரேட்டர் பற்றி நிறைய வீடியோ பார்த்திருந்தேன். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது கார்புரேட்டர். வண்டி நின்ற இடத்தில் சீராக உறுமுவதற்கு மட்டும் அதில் தனியாக ஒரு குட்டி ஜெட் இருக்கிறது. அரிசி நீளத்துக்குப் பித்தளை, நடுவில் ஊசி முனையளவு துளை. அந்தத் துளை அடைத்துக்கொண்டால் இந்த இருமல் வரும். நான் கண்டுபிடித்த நோய் சரிதான். இன்றுவரை அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. வைத்தியத்தில்தான் தப்பு நடந்தது.

பிரித்தேன், ஊதினேன், துடைத்தேன், மறுபடி மாட்டினேன். எல்லாம் முடிந்த பிறகு செய்தித்தாள்மேல் ஒரு ரப்பர் வளையம் மிச்சம் கிடந்தது. தொழிற்சாலையில் ஒன்று அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு வண்டி நின்றால் மட்டுமல்ல, நிற்கப்போகிறது என்று சந்தேகம் வந்தாலே அணைந்தது. காற்றுத் திருகை ஒரு பக்கம் திருப்பினால் புகைபோக்கி பட்டாசு வெடித்தது. மறுபக்கம் திருப்பினால் கரும்புகை வந்தது, தெருவே பெட்ரோல் நாறியது. தினமும் வேலை முடிந்து வந்து அந்தத் திருகாணி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். மாலதியின் அம்மாவான அத்தை காயப்போட்ட துணிகளை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டார். புதன்கிழமை சாயங்காலம் என்ன நடந்ததோ தெரியாது, கைப்பிடியை விட்ட நிலையிலும் வண்டி சீராக உறுமியது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

மறுநாள் காலை மாலதிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதிலிருந்து அவள் வீட்டில் இருந்தாள். போன இடமெல்லாம் பிறகு அழைக்கிறோம் என்றார்கள், யாரும் அழைக்கவில்லை. இதுவும் போனால் இனி எங்கேயும் போகமாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கொம்யூட்டர் ரயிலில் போய்க்கொள்கிறேன் என்றவளை, நான் குணப்படுத்திய வண்டியில்தான் போக வேண்டும் என்று நான்தான் கட்டாயப்படுத்தினேன். மாமனார் என்னையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் பாதி தூரம் ராஜா மாதிரிதான் போனோம். பிறகு மழை பிடித்தது. எல்லோரும் ஒதுங்குகிற ஒரு மேம்பாலத்தடியில் நானும் வேகத்தைக் குறைத்தேன். வண்டி இருமவில்லை, வெடிக்கவில்லை. பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டது. உதைத்தேன். கால் வலித்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

மழைக்கு ஒதுங்கியவர்களுக்கு வேறு வேலை இல்லை. உணவு கொண்டுபோகும் மலாய்க்கார இளைஞர் பெட்ரோல் குழாயைச் சந்தேகப்பட்டார். காப்பாரிலிருந்து வந்த அங்கிள் ஒருவர் இக்னிஷன் காயில் போய்விட்டது என்று அடித்துச் சொன்னார். வேலை பெர்மிட்டில் வந்திருந்த புதுக்கோட்டைக்காரர் பிளக்கைக் கழற்றச் சொன்னார். கழற்றினால் அது கரிக்கட்டை மாதிரி இருந்தது. அங்கிளுக்கும் புதுக்கோட்டைக்காரருக்கும் வாக்குவாதம் முற்றியது. வண்டி என்னுடையது என்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

மாலதி மழைக்கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவளுடைய வெளிர்நீல பாஜு கூரோங் உடையின் ஓரத்தில் என் கைக்கரி பட்டிருந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை.

"நெசமா சொல்லுங்க. இது கெளம்புமா?" என்று கேட்டாள்.

"அஞ்சே நிமிஷம்" என்றேன்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் கார்புரேட்டரைத் திறந்தேன். (வேண்டாம் என்று அந்த மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.) குட்டி ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளை தெரியவில்லை. ஊதினேன். ஈர விரலில் இருந்து வழுக்கியது. சிமெண்டில் ஒருமுறை துள்ளி, ஓரத்து வாய்க்காலில் மழைத்தண்ணீரோடு போயே போய்விட்டது. நான் முட்டிபோட்டு முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். ஒரு ஸ்ட்ரா, ஒரு செருப்பு வார், நிறைய சேறு கிடைத்தது.

மழை விட ஆரம்பித்தது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பங்சாரில் சமையல் வேலைக்குப் போகும் ஒரு மலாய் அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் எதுவும் கேட்காமல் மாலதியிடம் போய், தன் வண்டியில் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார். மாலதி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க இங்கயே இருங்க. எதயும் தொடாதீங்க."

அந்த வண்டி சிவப்புப் புள்ளியாகி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ரயில் டிக்கெட்டில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். கட்டிக்கொண்டவளை நெடுஞ்சாலையில் வைத்து இன்னொருவர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். உடையில் கரி, நேரமோ தாண்டியாகிவிட்டது. இதற்கு மேல் அவள் எங்கேயும் போகமாட்டாள். அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் மிகை என்பீர்கள். அழுதேன். ஒருவர் வண்டியை நிறுத்தி, யாராவது செத்துவிட்டார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மாலதி அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும், மாமனார் லோரியோடு வந்தார். திறந்து கிடந்த கார்புரேட்டரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். இருவருமாக வண்டியைத் தூக்கிப் பின்னால் போட்டோம். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு, "சாப்டீங்களா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

மாலதி சாயங்காலம் ரயிலில் வந்தாள். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்தபோது முறை தாண்டிவிட்டதாம். கெஞ்சிக் கேட்டதும் கடைசியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில். எதுவும் தெரியாமல் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிற ஆளை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்களாம்.

"நீ என்னா சொன்ன?"

"காலைல நடந்தத அப்படியே சொன்னேன்லா. கடைசில பேசி முடிக்க விடல, அவ்ளோ சிரிப்பு."

திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்படுவதா, எங்கேயாவது ஓடிப்போவதா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டிக்குப் பட்டறையில் வேறு கார்புரேட்டர் மாட்டினார்கள். என் திருப்புளிகளை அத்தை எங்கோ எடுத்து வைத்தார், இன்னும் கிடைக்கவில்லை.

மாலதி இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடமே நான்தான். போன மாதம் என் காப்புறுதியில் ஒரு கணக்கு தப்பு என்று தோன்றியது. மாலதியிடம் கேட்டால் சிரிப்பாளே என்று நேராக அவள் நிறுவனத்துக்கே போன் செய்து, அவர்களுடைய கணக்குமுறையில் எங்கே கோளாறு என்று போனை எடுத்த பெண்ணுக்கு விளக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் இருங்கள் என்றவள், அழைப்பை நிறுத்திவைக்கும் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது.

"அக்கா, லைன்ல ஒரு கார்புரேட்டர். நீங்க எடுக்குறீங்களா?"