பெர்சிஸ் வேண்டாம் என்ற வீடு

சொந்த வீடு வாங்குவது என்று ஆசீர்வாதம் முடிவு செய்த அன்றைக்கே இன்னொரு முடிவும் செய்துவிட்டார். ஏமாறுவதில்லை. ஆசீர்வாதம் ஏமாந்துட்டான் என்று சொந்த ஊரான நாசரேத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. வீடு கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. மானம் போகக் கூடாது.

மனுஷனுக்குத் தண்டையார்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம். மூட்டை வாயைப் பிரித்து, "பாருங்க அண்ணாச்சி, முத்து முத்தா இருக்கு" என்று யாராவது காட்டினால் திரும்பியும் பார்க்கமாட்டார். கையில் குத்தூசி இருக்கும். கூரான அந்தக் குழலை மூட்டையின் நடுவயிற்றில் சொருகி, அங்கேயிருந்து வருகிற பருப்பைத்தான் உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். மேலே இருப்பது காட்டுகிற பருப்பு, நடுவில் இருப்பது மறைக்கிற பருப்பு என்பது அவர் சித்தாந்தம்.

வீட்டுக்கும் அதே சித்தாந்தம்தான். விற்கிறவன் சொல்வதெல்லாம் மேல் பருப்பு. தெருவில் இருக்கிறவர்கள் சொல்லத் தயங்கி, மென்று முழுங்கி, கெஞ்சவைத்துச் சொல்வது நடுப் பருப்பு. தானாக வந்து யார் எதைச் சொன்னாலும் அதில் கல் இருக்கும் என்று அடித்துச் சொல்வார்.

சித்தாந்தம் நன்றாகத்தான் இருந்தது. வீடுதான் அமையவில்லை.

அவர் மனைவி பெர்சிஸ் பாவம். கல்யாணமாகி வந்ததிலிருந்து வாடகை வீடு. மாற்றி மாற்றி எத்தனையோ வீடு. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட மாடிக்குப் போய் ஓனரம்மாவிடம் கேட்க வேண்டும். இப்போது அந்த ஓனரம்மாவும் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறேன், மழைக்கு முன்னால் காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

"என்னங்க, புது ஃப்ளாட் பாக்கலாமா?" என்றாள் பெர்சிஸ்.

"புது ஃப்ளாட்டா? இங்க சுவத்தைத் தட்டுனா பக்கத்து வீட்டுக்காரன் 'யாரு'ன்னு கேக்கான். பழைய வீடுதான். அந்தக் காலத்துச் சுவரு, சொந்த மனை."

"சரி, பழசே பாருங்க. சீக்கிரம் பாருங்க."

புரோக்கர் லோகநாதன் வந்தான். ராயபுரத்துக்காரன். வாய் மூடினால் பசிக்கும் என்கிற ரகம். முதலில் விம்கோ நகரில் ஒரு வீடு காட்டினான். எதிர்வீட்டு ஆசாமி, "மழை வந்தா வாசல்ல முழங்கால் தண்ணி சார்" என்றான். ஆசீர்வாதம் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்தது தண்டையார்பேட்டையிலேயே ஒரு வீடு. தெருவில் ஒருத்தர் விடாமல் விசாரித்தார். ஒரு குறைகூட யாரும் சொல்லவில்லை. அதையும் வேண்டாம் என்றுவிட்டார்.

"இன்னா நைனா இது? கொறை சொன்னாலும் வேணாங்கற, சொல்லாட்டியும் வேணாங்கற?"

"ஒருத்தன்கூடக் குறை சொல்லலைன்னா, தெருவே கூடி எதையோ மறைக்குன்னு அர்த்தம்."

"நீ வூடு வாங்க வந்தியா, கேஸு புடிக்க வந்தியா?"

மூலக்கொத்தளத்தில் சுடுகாட்டை ஒட்டி ஒரு வீடு. "பக்கத்துல இருக்கறவங்க சத்தமே போட மாட்டாங்க நைனா, சோக்கா தூங்கலாம்" என்றான் லோகநாதன். அந்த வீட்டுக்குக்கூட பெர்சிஸ், "ஆண்டவர் இருக்காரு, பேசி முடிங்க" என்று சொன்னாள். எந்த வீட்டைக் காட்டினாலும் அவளுக்குச் சரிதான். அவள் சரி என்றதாலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது என்பது வேறு விஷயம்.

கடைசியில் ராயபுரத்தில் ஒரு வீடு வந்தது. ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எபினேசர் என்பவருடைய வீடு. பர்மா தேக்கு உத்தரம், உயரமான கூரை, ஊரே உட்காரலாம் போல ஒரு ஹால், பின்னால் கிணறு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டதால் மகளோடு கோயம்புத்தூரில் இருக்கப் போகிறேன் என்றார் எபினேசர். ஆசீர்வாதம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மேல் பருப்பு.

பெர்சிஸ் வாசற்படி தாண்டினாள். ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். சமையலறையில் எட்டிப் பார்த்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இந்த வீடு வேண்டாங்க."

ஆசீர்வாதத்துக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறவே கொஞ்ச நேரமானது. சுடுகாட்டுக்கே சரி சொன்னவளாயிற்றே!

"ஏன்?"

"வேண்டாம்னா விடுங்க. வேற பாப்போம்."

"அதான் ஏன்னு கேக்கேன்?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது. ஆட்டோவைக் கூப்பிடுங்க."

அவ்வளவுதான். சாப்பிடும்போது கேட்டார், குழம்பை ஊற்றினாள். ஜெபம் பண்ணி முடித்ததும் கேட்டார், ஆமென் என்றாள். கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. உளுந்து கேட்டவனுக்குக் கடலைப் பருப்பைக் காட்டினார். அப்படி என்ன கண்டாள்? விரிசலா? பேயா? கிணற்றில் எதுவும் விழுந்து கிடக்கிறதா? ஒரு மனுஷனை இப்படியெல்லாம் போட்டு வதைக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ராயபுரத்துக்குப் போனார். குத்தூசியையும் எடுத்துக்கொண்டார்.

எபினேசர் காபி போட உள்ளே போன சமயம் பார்த்து ஹால் சுவரில் குத்தூசியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். சுண்ணாம்புச் சுவர் அசையவில்லை. குத்தூசி வளைந்துவிட்டது.

"என்ன பண்றீங்க தம்பி?"

"ஒண்ணுமில்ல, கொசு."

வெளியே தெருமுனையில் இஸ்திரி வண்டி. மண்ணாங்கட்டி என்பவர் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்த எபினேசர் வீடு எப்படிங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்? நான் துணி தேய்க்கறவன்."

"சும்மா சொல்லுங்க."

"வேணாம் சாரு. உன் கைல சொல்லி எனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

ஆசீர்வாதத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ஆகா, தயங்குகிறான்! டீ வாங்கிக் கொடுத்தார். பன் வாங்கிக் கொடுத்தார். மண்ணாங்கட்டி இரண்டையும் முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"கேணித் தண்ணி சாரு. கோடையில தெருவுக்கே அதான் தண்ணி. கல்கண்டு கணக்கா இருக்கும். நீ வாங்கினா எங்கள உள்ள வுடுவியோ மாட்டியோ, அதான் சொல்லல."

நடுப் பருப்பு! அதுவும் முதல் தரம்!

பக்கத்து வீட்டு வாசலில் ரெஜினா என்ற அம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆசீர்வாதம் கேட்டதும் அரிவாள்மனையிலிருந்து நிமிரவே இல்லை.

"தோ பாரு, என்னிய ஒண்ணும் கேக்காத. போய்க்கினே இரு."

"ஏம்மா, வீட்டுல எதும் கோளாறா?"

"கோளாறா? அந்த வூட்லயா? வெள்ளத்துல எங்க எல்லார் வூட்லயும் தண்ணி பூந்துச்சு, அந்தப் படிய தாண்டல. நாங்க புள்ள குட்டியோட அங்க தான் போய்ப் படுத்துக்கினோம்."

"அப்புறம் ஏன் சொல்லமாட்டேங்கீங்க?"

"என் புள்ளைக்கு அந்த வூட்ட முடிக்கணும்னு கீறேன்யா! பணத்துக்கு அலைஞ்சுக்கினு கீறேன். நடுவுல நீ எங்கேந்து வந்த?"

ஆசீர்வாதம் தலை சுற்றிப்போய் நடந்தார். வீடு தங்கமாக இருக்கிறது. போட்டிக்கு ஆள் இருக்கிறது. அப்படியானால் பெர்சிஸ் ஏன் வேண்டாம் என்றாள்? ஊரையே குத்திப் பார்த்தாயிற்று, தன் வீட்டு மூட்டையைத்தான் குத்த முடியவில்லை. தேவாலயம் வரை நடந்தார், திரும்பி மார்க்கெட் வரை நடந்தார். ஒரு கன்டெய்னர் லாரிக்காரன், "யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கத்தினான். அப்போதுதான் மின்னல் அடித்தது.

ஹால்! ஊரே உட்காரலாம் போன்ற ஹால்! அவருடைய அக்கா தங்கபுஷ்பம் ஒவ்வொரு மே மாதமும் பேரன் பேத்தியோடு வருகிறேன் என்பாள். இடமில்லையே மதினி என்று பெர்சிஸ் ஒவ்வொரு மே மாதமும் சொல்லுவாள். இந்த வீட்டுக்குப் போனால் அப்படிச் சொல்ல முடியுமா? அதுதான் சங்கதி!

"அடி கள்ளி!" என்று நடுரோட்டில் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

இத்தனை வருஷத்தில் பெர்சிஸ் மனசில் இருப்பதை முதல் தடவையாகக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. எபினேசரிடம் போய் ஒரு பைசாகூடக் குறைத்துக் கேட்கவில்லை. ரெஜினாவின் மகன் முந்திவிடுவானோ என்று அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தார். லோகநாதனுக்குப் போன் போட்டால் அவன் நம்பவில்லை. "நைனா, குடிச்சுக்கினு கீறியா?" என்றான்.

வீட்டுக்கு வந்து சேதியைச் சொன்னார். பெர்சிஸ் கரண்டியைக் கீழே போட்டாள்.

"வேண்டாம்னு சொன்னேனே!"

"நீ ஏன் சொன்னேன்னு எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். என் அக்கா வந்தா உனக்கு என்ன, அவ சமைச்சுக்கிடுவா."

பெர்சிஸ் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தபோது ஆசீர்வாதத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பின்னாலேயே போனார்.

"இப்ப என்ன பண்ணணும்னு சொல்லு."

முகத்தைத் திறக்காமலே சொன்னாள். "என் பேச்சைத்தான் கேக்கல. பத்திரமாவது என் பேருல எழுதுங்க."

எழுதினார். அவள் பெயரில்தான் எழுதினார். தோற்றவளுக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா?

மழைக்கு முன்னாலேயே குடிபோனார்கள். பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போதகர் வந்தார். பெர்சிஸோடு வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம் பண்ணுகிற பெண்களும் கூட்டமாக வந்தார்கள். கடையை விட்டுவிட்டு அந்த ஜெபத்துக்கெல்லாம் ஆசீர்வாதம் போனதே கிடையாது. அவர் வாசலில் நின்று, "வாங்க, வாங்க, கை கழுவற இடம் அந்தப் பக்கம்" என்று வழிகாட்டினார். யாரும் அவர் கையைப் பார்க்கவே இல்லை. ஒருத்தி நேராகப் போய், கதவுக்குப் பின்னால் இருந்த மின்விசிறி சுவிட்சைத் திரும்பிப் பார்க்காமலே போட்டாள். இன்னொருத்தி சமையலறை மேல்தட்டிலிருந்து பாயை எடுத்து விரித்தாள். அங்கே பாய் இருப்பதே ஆசீர்வாதத்துக்குத் தெரியாது. ரெஜினா பாட்டுப் புத்தகத்தோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க பையனுக்கு வீடு அமைஞ்சுதாம்மா?" என்று ஆசீர்வாதம் மெதுவாகக் கேட்டார். பாவம், அந்தக் குற்றவுணர்வு அவருக்கு இருந்தது.

"எம் புள்ளைக்கு இன்னாத்துக்கு வூடு? அவன் துபாய்ல கீறான். நான் ஆசப்பட்டதென்னவோ நெசந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டைத் தேட ஆரம்பித்தாள்.

பாட்டு முடிந்தது. போதகர், "சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம்" என்றார். பெர்சிஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். குரல் தழுதழுத்தது. கண்ணில் உண்மையாகவே தண்ணீர்.

"எபினேசர் அண்ணன் சம்சாரம் உயிரோட இருந்த காலத்துல இருந்து, வெள்ளிக்கிழமை தவறாம இந்த ஹால்ல உக்காந்துதான் நாங்க ஜெபம் பண்ணுனோம். ஆண்டவரே, இந்த வீட்டை எனக்குத் தாரும்னு ஒவ்வொரு வாரமும் கேட்டேன். வருஷக்கணக்கா கேட்டும் கிடைக்கல. அப்புறம்தான் ஆண்டவர் எனக்கு ஞானம் குடுத்தாரு. 'மகளே, வேணும்னு என்கிட்ட கேளு. உன் வீட்டுக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லு.'"

"அல்லேலூயா!" என்று ஹால் அதிர்ந்தது. போதகர் ஆசீர்வாதத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தாமதமாக, ஆசீர்வாதமும் அல்லேலூயா சொன்னார்.