நான் திருப்பி வாங்கிய சாட்சி

எங்கள் சபையில் பாவத்தை அறிக்கையிட்டவர்கள் நிறைய உண்டு. சொன்ன சாட்சியைத் திருப்பி வாங்கியவன் நான் ஒருத்தன்தான்.

ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் ஞாயிறு ஆராதனையில் எழும்பி நின்று சொல்வதைத்தான் சாட்சி என்போம். எனக்கு அதில் கொஞ்சம் திறமை உண்டு. (நான் எழும்பினால் போதகர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.)

மகள் ஷெர்லின் பிளஸ் டூ படிக்கும்போது வக்கீலுக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். அதற்கு நுழைவுத் தேர்வு, தேர்வுக்குக் கோச்சிங். நெய்யாற்றின்கரையில் ஒரு சென்டரை அவளே விசாரித்தும் வைத்திருந்தாள். இடம் பார்க்கும் வேலையை நான் அவளிடம் விடுவேனா? பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். ஆனால் குளத்தூரில் மாவு மில் நடத்துகிறவன். வருகிற ஆளைப் பார்த்த பார்வையிலேயே எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

உதியன்குளங்கரையில் சிமென்ட் கடை மாடியில் சட்டக் கோச்சிங் நடப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை போனேன். சுவரில் வேத வசனம். வகுப்பு ஜெபத்தோடுதான் தொடங்கும் என்றார் அதை நடத்தும் மலையாளி மாஸ்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைப்பீர்களா, பெண்பிள்ளைகளுக்குத் தனி பாத்ரூம் உண்டா, ஆறு மணி பஸ்ஸுக்கு விடுவீர்களா என்று மூச்சு விடாமல் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நல்ல பதில். எந்தத் தேர்வுக்குப் பயிற்சி என்று மட்டும் கேட்கவில்லை. அப்போதே சேர்த்துவிட்டேன்.

மறுநாள் ஆராதனையில் எழும்பினேன். "ஆண்டவர் விரல் நீட்டிக் காட்டித் தந்த கோச்சிங் ஆக்கும்! உங்க பிள்ளைகளையும் அனுப்புங்க!"

பின் பெஞ்சில் இருந்த தச்சர் தேவதாஸ் அண்ணன் உருகிப்போய், தன் மகன் ஜோபினையும் அங்கேயே சேர்த்துவிட்டார்.

திங்கள் சாயங்காலம் முதல் வகுப்பு முடிந்து ஷெர்லின் வந்தாள்.

"அப்பா, கிளாஸ்ல எல்லாம் பெரியவியளாக்கும். ஒரு ரிட்டயர்டு பேங்க் மானேஜர் எனக்கு மிட்டாய் தந்தாரு."

"நல்லதுதானே மக்ளே. பெரியவியகூட இருந்தா புத்தி வரும்."

"இது டிகிரி முடிச்சவிய மூணு வருஷம் சட்டம் படிக்கதுக்கு உள்ள கோச்சிங் அப்பா. நான் பிளஸ் டூ முடிச்சிட்டு அஞ்சு வருஷம்லா படிக்கணும்? அதுக்குப் பரீட்சையே வேற."

ஓடுகிற மில்லில் பெல்ட் அறுந்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் நேற்றுத்தானே சபை முழுக்கக் கேட்க ஆண்டவரின் விரலைப் பிடித்து இழுத்திருக்கிறேன்!

"சட்டம் எல்லாம் ஒண்ணுதான். நீ மாஸ்டர்ட்ட ஒண்ணும் பறையாண்டாம்."

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழிந்தது. விண்ணப்பத்தோடு வைக்க டிகிரி சர்ட்டிபிக்கேட் வேண்டும் என்று மாஸ்டர் போன் செய்தார்.

"அவ பிளஸ் டூ ஆக்கும் மாஸ்டரே."

"அய்யோ! தேவதாஸின்றெ மகனோ?"

"அவனும்தான்."

"அந்நு நிங்ஙள் எனிக்கு வாய் துறக்கான் எட தந்நோ?"

அன்று என்னை வாய் திறக்க விட்டீரா என்கிறார். நியாயமான கேள்வி.

ஒரு மணி நேரத்தில் தேவதாஸ் அண்ணன் மில்லுக்கே வந்துவிட்டார். "வேய், ஆண்டவர் எங்க விரல் நீட்டினாரு, நீரு எங்க பாத்தீரு?"

வீட்டில் ஷெர்லின் அழுதுகொண்டிருந்தாள். "பரீட்சைக்கு இனி ஆறு வாரந்தான் உண்டு அப்பா. சீட் கிடைக்காட்டா, அதையும் ஆண்டவர் காட்டினதுண்ணு சொல்லுவியளா?"

ஜெபிக்க முழங்கால் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. என் பெருமையைக் காப்பாற்ற அவர் பெயரை மறைப்பாகப் பிடித்திருக்கிறேன். பிள்ளையின் மூன்று வாரத்தையும் அதற்கே கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு எழும்பினேன். "போன மாசம் சொன்ன சாட்சிய நான் திருப்பி எடுக்கேன். ஆண்டவர் ஒண்ணும் காட்டேல்ல. விசாரிக்காம முடிவு செய்தது நானாக்கும். எனக்க மக உள்ளதச் சொன்னா. நான் அவ வாயை அடைச்சேன்."

எங்கிருந்தோ ஒருவர் "அல்லேலூயா" என்றார். (எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.)

மறுநாள் ஷெர்லினே ஜோபினையும் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரை சென்டருக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் எந்தத் தேர்வுக்குப் பயிற்சி என்று கேட்டாளாம். நான் வாசலில் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரீட்சை முடியும் வரை எனக்கு வண்டி ஓட்டும் வேலை மட்டும்தான்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அவளுக்கு சீட் கிடைத்தது. ஜோபினுக்கு அடுத்த வருஷம்தான் கிடைத்தது. (அதனால் தேவதாஸ் அண்ணன் என்னைப் பாதிதான் மன்னித்திருக்கிறார்.)

அவளுக்கு அட்மிஷன் கிடைத்த வாரம் நன்றி சொல்ல எழும்பினேன். வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து தேவதாஸ் அண்ணனின் குரல்: "கடலாசு உண்டா வேய்?"

அத்தாட்சிக்குக் காகிதம் இருக்கிறதா என்கிறார். அட்மிஷன் கடிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். போதகரே சிரித்துவிட்டார்.

அதிலிருந்து எங்கள் சபையில் யார் எழும்பினாலும் இதே கேள்விதான். போன மாதம் வெள்ளறடையிலிருந்து வரும் அக்கா ஒருத்தி, சுகர் குறைந்ததற்குச் சாட்சி சொல்ல லேப் ரிப்போர்ட்டோடு வந்தாள். "ஸ்தோத்திரம்" சொல்வதற்கு முன்பே பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, "கடலாசு உண்டு, தேவதாஸே!" என்றாள்.