வெயிலுக்குத்தான் ஃபிலிம்

பஸ் நிறுத்தத்துக்கு இன்னும் இரண்டு திருப்பம் இருக்கும்போதே கணக்காளர் பாட்டை நிறுத்திக்கொண்டார். நிறுத்தத்தில் வழக்கம்போல அந்த இருவர் நின்றிருந்தார்கள். ஒருவர் அவருடைய அலுவலகத்துக் கேஷியர். காரைக் கண்டதும் கை தூக்குபவர். இன்னொருவர் ஸ்டோர்கீப்பர், கைகூடத் தூக்காமல், ஒரு சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே பின்சீட்டில் ஏறிவிடுபவர். வாயைத் திறந்து அவர் பேசிக் கணக்காளர் கேட்டதில்லை.

கணக்காளருக்குப் பாடுவதற்கென்று இருந்த ஒரே இடம் அந்தக் கார்தான். வீட்டில் அவர் தொண்டையைக் கனைத்தாலே மனைவி மிக்ஸியை ஓட்டிவிடுவாள். அலுவலகத்தில் மேலாளர் இருந்தார். கார் வாங்கியதே பாதி இதற்காகத்தான். ஆரம்பத்தில் சொர்க்கமாக இருந்தது. தெருமுனையில் ஒரு விளக்குக் கம்பம் குறுக்கே வந்து பம்பரை நசுக்கியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. வீட்டிலும் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார், கம்பம்தான் குறுக்கே வந்தது என்று.

ஒருவர் சந்தோஷமாக இருந்தால் ஊருக்குப் பொறுக்காதே. எங்கிருந்தோ இந்த இருவரும் முளைத்தார்கள். அன்றிலிருந்து பாட்டு இரண்டு திருப்பத்துக்கு முன்பே செத்துப்போனது.

அன்றைக்குக் கேஷியர் முன்சீட்டில் உட்கார்ந்ததும் துள்ளி எழுந்தார்.

"சார், இது சீட்டா தோசைக்கல்லா? கண்ணாடிக்கு ஒரு ஃபிலிம் ஒட்டக் கூடாதா?"

கணக்காளருக்கு மண்டையில் பளிச்சென்று ஏதோ எரிந்தது. ஃபிலிம் ஒட்டினால் வெயிலுக்கு உள்ளே வழி தெரியாது. வெயிலுக்கு மட்டும்தானா தெரியாது?

வீட்டில் வெயிலைத்தான் காரணமாகச் சொன்னார். ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை, ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் கறுத்துவிட்டது என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மனைவி இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ஒட்டுங்க, வேணாங்கல. ஆனா உள்ள ஆள் இருக்கறது வெளிய தெரியணும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும்.

ஃபிலிம் கடைக்காரர் மேசைமேல் ஒரு விளக்கை எரியவிட்டு, அதன் முன்னால் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து, பின்னால் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். கறுப்புத் துண்டுக்குப் பின்னாலும் கை சுட்டது. நிறமே இல்லாத துண்டுக்குப் பின்னால் சுடவில்லை.

"இந்தக் கறுப்பு வெளிச்சத்தத்தான் சார் தடுக்கும், சூட்டை அவ்வளவா தடுக்காது. உங்களுக்கு வெயில்தானே பிரச்சினை?"

"வெயில்தான். ஆனா உள்ள இருக்கறது நான்தான்னு வெயிலுக்குத் தெரியக் கூடாது."

கடைக்காரர் எத்தனையோ வகை வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். மறுபேச்சில்லாமல் கறுப்புச் சுருளை எடுத்தார்.

மறுநாள் காலை கணக்காளர் பஸ் நிறுத்தத்தைப் பாடிக்கொண்டே கடந்தார். உள்ளே அடுப்பங்கரைச் சூடு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதனாலென்ன, எத்தனை நாளைக்குப் பிறகு அந்த மேல் ஸ்தாயி கிடைத்திருக்கிறது. அதை எட்டிப் பிடித்து அனுபவித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் விசில் சத்தம் கேட்டது. போக்குவரத்துக் காவலர் மூச்சிரைக்க ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"நடுரோட்டுல நின்னு கை காட்டுறேன், தெரியலையா?"

"ஃபிலிம் கொஞ்சம் கறுப்பு சார்" என்றார் கணக்காளர்.

அதைத்தான் காவலரும் சொல்ல வந்திருந்தார். இவ்வளவு கறுப்பு கூடாது, இங்கேயே கிழியுங்கள் என்றார். கண்ணாடி இறங்கியதும் நிறுத்தத்திலிருந்து கேஷியர் ஓட்டமும் நடையுமாக வந்தார். யாரோ பெரிய மனிதர் போகிறார் என்று நினைத்துவிட்டாராம். அவரும் ஸ்டோர்கீப்பரும் நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஃபிலிமை உரித்துக் கொடுத்தார்கள். உதவி செய்தவர்களை எப்படி ஏற்றாமல் போவது?

ஃபிலிம் போனது, பசை போகவில்லை. மாலைக்குள் தெருப்புழுதியெல்லாம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மறுபடியும் கடைக்குப் போனார். பசையைக் கழுவிவிட்டுக் கடைக்காரர் நிறமில்லாததையே மறுபடியும் நீட்டினார். கணக்காளரின் கண் வேறொன்றில் விழுந்தது. உள்ளிருந்து வெளியே தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் பார்ப்பவர் முகம்தான் தெரியும்.

"அது பளபளன்னு இருக்கும் சார், ஊரே திரும்பிப் பார்க்கும்."

"பார்க்கட்டுமே. அவங்க மூஞ்சியத்தானே பார்ப்பாங்க."

அவர் நினைத்ததைவிடக் கூடுதலாகவே பார்த்தார்கள். மறுநாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே சிவப்பு விளக்கு விழுந்தது. கார் நின்றது, பாட்டு நிற்கவில்லை. உச்சிக்குப் போய்விட்டுக் கணக்காளர் கண்ணைத் திறந்தபோது, அவர் மூக்குக்கு ஒரு விரல்கடை தூரத்தில் கேஷியரின் மூக்கு இருந்தது. சீப்பை எடுத்து வகிடு திருத்திக்கொண்டிருந்தார். பிறகு உதட்டைப் பிதுக்கிப் பல்லை ஆராய்ந்தார். அடுத்த கண்ணாடியில் ஒரு பெண் கொண்டை ஊசி செருகினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள்.

கணக்காளர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பாதியில் நின்ற ஸ்வரம் தொண்டையில் குறுகுறுத்தது. எவ்வளவு நேரம்தான் அடக்குவது? தன்னையறியாமல் முடித்துவிட்டார்.

கேஷியர் சீப்பை இறக்கிவிட்டுக் கண்ணாடியில் காதை வைத்தார்.

"நம்ம சார் பாட்டு மாதிரில்ல இருக்கு?"

இவர் முன்னால் நாம் எப்போது பாடினோம் என்று கணக்காளர் ஒரு கணம் குழம்பினார். அதற்குள் பச்சை விழுந்து, பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஒன்றாக அலறின. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துவிட்டார். ஸ்டோர்கீப்பரும் தலையைக் கோதிக்கொண்டே ஏறினார்.

கணக்காளர் தோற்றுப்போனார். அன்று மாலை நிறமில்லாத ஃபிலிமையே ஒட்டிக்கொண்டார். கடைக்காரர் சொன்னது சரிதான். வெயிலில் நிறுத்திய காருக்குள்கூட உட்கார முடிந்தது. ஆனால் தெருக்கோடியிலிருந்தே அவர் முகம் பளிங்காகத் தெரிந்தது. கேஷியர் தூரத்திலேயே கை தூக்கினார். ஏறியதும் காலை நீட்டி, சாய்மானத்தைச் சரித்து, இனிமேல் சாயங்காலமும் சேர்ந்தே திரும்பிவிடலாம் என்று யோசனை சொன்னார்.

அதோடு கணக்காளருக்குப் பொறுமை போய்விட்டது. காரை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். இத்தனை நாள் மனதுக்குள் பேசிப் பார்த்ததெல்லாம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. எனக்குக் காலையில அரைமணி நேரம் தனியா இருக்கணும். ஆசைப்பட்டு ரெண்டு பாட்டுப் பாட எனக்கு வேற இடம் இல்ல. நாளையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் பஸ்லயே வந்துடுங்க."

கேஷியர் சாய்மானத்தை மெல்ல நிமிர்த்தினார். அவர் முகத்தில் கோபமில்லை; மாட்டிக்கொண்டவரின் அசடு வழிந்தது.

"நம்ம ஆபீஸ் பக்கம் போற பஸ் எதுவும் அந்த ஸ்டாப்புல நிக்காதே சார்" என்றார்.

"அப்புறம் அங்க எதுக்கு நிக்கறீங்க?"

கேஷியர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சாவி சுழல்வது நின்றிருந்தது. ஸ்டோர்கீப்பர் அதைக் கணக்காளர் முன் நீட்டினார். அது ஸ்டோர் சாவி அல்ல, ஸ்கூட்டர் சாவி.

"வண்டி வீட்டுல தூசி படிஞ்சு கெடக்குது சார், பாடுறப்போ நீங்க கண்ண மூடிக்குவீங்கன்னு, கம்பத்துல இடிச்ச அன்னைக்கே உங்க வீட்டம்மாதான் எங்கள அங்க நிக்கச் சொன்னாங்க."