மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்

"அந்த மீசையை மட்டும் எடுத்துட முடியுமா ராக்கா?" என்று முத்துராமன் கேட்டதும், அச்சக மெஷின்மேன் ராக்கன் தன் மீசையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"எம் மீசை ஒங்களை என்னங்க பண்ணுச்சு?"

"ஒன் மீசை இல்லப்பா. படத்துல இருக்கிறவரு மீசை!"

படம் மை ஈரம் காயாத புரூப்பாக மேஜைமேல் கிடந்தது. ஓர் அறை. தூணோரம், சன்னலோரம் எங்கு பார்த்தாலும் அரிசி மூட்டைகள். நடுவில் ஒரு மூட்டைமேல் தொந்தியைத் தொடைமேல் இறக்கி வைத்துக்கொண்டு ஒரு வியாபாரி. அடியில், 'அரிசியா? கண்ணாலே பார்த்ததில்லையே!' என்ற வாசகம். புதுக்கோட்டைச் சனங்கள் விடிவதற்கு முன்பே ரேஷன் கடை வாசலில் வரிசை போட்ட அறுபத்து நாலாம் வருஷத்தில், 'சுண்டெலி' வாரப் பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமான கார்ட்டூன் அமையாது. வரைந்து அனுப்பிய முத்துராமனும் நேற்று வரை அப்படித்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

இன்று காலை திருச்சி பஸ்ஸில் படத்தின் அச்சுத் தகடான பிளாக் வந்து, புரூப் எடுத்துப் பார்த்தபோதுதான் அந்த வியாபாரி யாரென்று அவனுக்கே தெரிந்தது. முறுக்கு மீசை, மூக்குக் கண்ணாடி, உச்சியில் நாலே மயிர், அடுக்கடுக்காகத் தாடை. அசல் வயிரவன்! அரிசி மண்டி வயிரவன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் சேதுலட்சுமிக்கும் முத்துராமனுக்கும் நிச்சயதார்த்தம்.

வேண்டுமென்று செய்ததல்ல. பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டு, எதிரே உட்கார்ந்திருந்த மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தான். சேதுலட்சுமிக்கு மூக்குத்தி வலமா இடமா என்று கேட்டால் அவன் விழிப்பான். வயிரவனின் முகமோ கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாலும் வரும். வந்துவிட்டது.

"வேற ஏதாவது படம் போட்டுடுங்க சார். எங் கல்யாணமே இதுல இருக்கு" என்று ஆசிரியர் ரெங்கராஜிடம் கெஞ்சினான்.

"வேற பிளாக் திருச்சியிலேர்ந்து யாரு கொண்டாருவா? நாளைக்கு வெள்ளிக்கிழமை, பேப்பர் வந்தாகணும். தலைப்புக்குக் கீழே என்ன போட்டிருக்கோம்? 'யார்க்கும் அஞ்சோம்'! மாமனாருக்கு மட்டும் அஞ்சுறதா? அட, பேரு ஊரு ஒண்ணும் போடலையேய்யா. அப்புறம் என்ன?"

அதில்தான் பயமே இருந்தது. பெயர் சொல்லாமல் படம் போடுவது 'சுண்டெலி'யின் வழக்கம். அது யாரென்று கண்டுபிடித்துச் சொல்வது ஊரின் வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் கீழ ராஜ வீதி டீக்கடையில் படத்தைச் சுற்றிப் பெருங்கூட்டமே நிற்கும். போன மாதம் முத்துராமன் வெறும் கழுதை ஒன்றை வரைந்தான். அந்தக் கழுதை யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடிக்கப்பட்டவர் வக்கீல் நோட்டீஸும் அனுப்பிவிட்டார்.

"மீசையை எடுக்கலாங்க" என்றான் ராக்கன் கடைசியில். "ஆனா ஒண்ணு. இது தகட்டு பிளாக்கு. இருக்கிற கோட்டை உளியால செதுக்கி எடுக்கலாம். அந்த எடம் வெள்ளையா விழும். புதுசா ஒரு கோடு சேக்கச் சொன்னா, பிரம்மாவாலயும் ஆகாது."

"எடு, எடு."

ராக்கன் உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினான். மீசை போயிற்று. மறுபடி மை தடவிப் புரூப் எடுத்தார்கள். முத்துராமன் பார்த்தான், வயிரவன் இல்லை. அப்பாடா என்று உட்காரப் போனவனை ரெங்கராஜின் குரல் தூக்கி நிறுத்தியது.

"ஐயையோ! நாச்சியப்பன்!"

"எந்த நாச்சியப்பன் சார்?"

"நீ நிக்கிற கட்டடம் யாருதுய்யா? நம்ம ஓனரு நாச்சியப்பன்! மீசை இல்லாத வயிரவன்னா அவருதான். அவருக்கும் இலுப்பூர்ல அரிசி யாவாரம். நாளைக்குப் படத்தைப் பார்த்தா, நாளன்னைக்கு நம்ம மெஷினு நடுத்தெருவுல நிக்கும்!"

"யார்க்கும் அஞ்சோம்னு சொன்னீங்களே சார்?"

"யார்க்கும்னா வெளியாளுக்குய்யா! ராக்கா, அந்தக் கண்ணாடியையும் மண்டையில இருக்கிற மயிரையும் எடு!"

கண்ணாடியும் மயிரும் போயின. மூன்றாவது புரூப் வந்தது. நாச்சியப்பனும் மறைந்துபோனார். முத்துராமனுக்கு அது யாரோ வழிப்போக்கன்போலத்தான் தெரிந்தது. ஆனால் ரெங்கராஜ் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொன்னமராவதி மச்சினன்" என்றார் மெதுவாக.

"யாருங்க?"

"எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்யா. ரைஸ் மில்லு வச்சிருக்கான். அதே மொட்டை, அதே முட்டைக் கண்ணு. இது அச்சாச்சுன்னா நான் வீட்டுல சோறு திங்க வேணாமா?"

"நாடு பூரா சோத்துக்குத்தானே சார் தவிக்குது?" என்றான் முத்துராமன். அவன் ஆபத்து நீங்கிவிட்டதால் வாயில் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

"ஒனக்கென்ன, ஓம் மாமனாரு தப்பிச்சுட்டாரு! ராக்கா, அந்தத் தாடையையும் தொந்தியையும் இழைச்சு விடு."

ராக்கன் இழைத்தான். அரிசி வியாபாரியின் உடம்பு, ரேஷன் வரிசையில் நின்ற உடம்பைப்போல வற்றியது. கன்னம் ஒட்டியது. நாலாவது புரூப்பை எடுத்ததும் ராக்கன் அதைப் பார்த்தான். ஆசிரியரைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லைங்க."

"சொல்லித் தொலைடா!"

"நீங்க கொஞ்சம் இங்கிட்டுத் திரும்புங்க... ஆமாங்க. நீங்களேதான்."

இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் ரெங்கராஜ் விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கும் பத்திரிகைக்காரனை யார் பதுக்கல்காரன் என்பார்கள்? ஆனால் அவர் சிரிக்கவில்லை. பொன்னமராவதி மச்சினன் ஆடி மாசத்தில் அனுப்பிய மூட்டை, அவர் வீட்டு அடுக்களையில் பழைய கோரைப் பாய்க்கு அடியில் இருந்தது. அது ராக்கனுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல ராக்கன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஆளையே எடுத்துடு!" என்று கத்தினார்.

"முழுசாவுங்களா?"

"காலு, கையி, நெகம் ஒண்ணு விடாம எடு! மனுஷன் இருந்தாத்தானே யாரு யாருன்னு கேப்பான்?"

"அப்ப அடியில இருக்கிற வாசகத்தை யாரு பேசுறா சார்?" என்று கேட்டான் முத்துராமன்.

"மூட்டை பேசுதுன்னு நெனைச்சுக்கட்டும். கற்பனைன்னு ஒண்ணு வேணாமா வாசகனுக்கு!"

அப்படியாக, பதுக்கல்காரர்களின் முகத்திரையைக் கிழிப்பதற்காக வரையப்பட்ட படத்திலிருந்து பதுக்கல்காரர் முழுசாக வெளியேற்றப்பட்டார். மூட்டைகளும் அறையும் மிஞ்சின. நடுவில் ஆள் அளவுக்கு ஒரு வெள்ளை. அன்று மாலையே மெஷின் ஓடியது.

வெள்ளிக்கிழமை முத்துராமன் டீக்கடைப் பக்கம் தலை வைக்கவில்லை. அச்சகத்திலேயே ஒடுங்கிக் கிடந்தான். வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவர் வயிரவன். கையில் 'சுண்டெலி'.

முத்துராமன் துள்ளி எழுந்தான். "வாங்க மாமா..."

"உக்காருங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றார் வயிரவன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஒங்ககிட்ட உள்ளதைச் சொல்லிப்புடுறேன். இந்த வாரம் அரிசியைப் பத்திப் படம் வருதுன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து எனக்கு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. எம் மூஞ்சியைப் போட்டுருவீகளோன்னு பயம்."

"ச்சேச்சே! என்ன மாமா இது!"

"காலையில வாங்கிப் பார்த்தேன். எம் மூஞ்சியை மூலைமூலையாத் தேடினேன். என்னையும் காணோம், எந்தப் பயலையும் காணோம்! ஒருத்தர் மனசும் நோகாம ஒரு கார்ட்டூனு. இந்த நாசூக்கு யாருக்கு வரும்? நாளன்னைக்கு நிச்சயதார்த்தத்தோட முகூர்த்த நாளையும் குறிச்சுப்புடுவோம்."

"எல்லாம் எங்க பத்திரிகையின் கொள்கைங்க" என்று ரெங்கராஜ் குறுக்கே புகுந்தார். "ராக்கா, ஐயாவுக்கு ஒரு காப்பி சொல்லு!"

முத்துராமன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கோடு போடுகிறவனைவிடக் கோட்டை அழிக்கத் தெரிந்தவனே பெரிய ஓவியன் என்று ஒரு தத்துவம்கூட அவனுக்குத் தோன்றியது. அதை மாமனாரிடம் சொல்வதற்காக அவன் வாயைத் திறந்தபோது, வயிரவன் வீட்டில் வேலை செய்யும் மூக்காயி முந்தானையை அள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

"மொதலாளி! ஆபீசருமாரு ஜீப்புல வந்து எறங்கிட்டாக!"

"மண்டிக்குத்தானே? நல்லாப் பாக்கட்டும்" என்று சிரித்தார் வயிரவன். "அங்க எலி கொறிக்கக்கூட ஒரு மணி அரிசி கெடையாது."

"மண்டிக்கு இல்லீங்க, வீட்டுக்கு!"

வயிரவனின் சிரிப்பு மீசைக்கடியில் நின்றுபோயிற்று. "வீட்டுக்கா? எவன்டி சொன்னான் அவுகளுக்கு?"

"டீக்கடையில படத்தை வச்சுக்கிட்டு ஆளைத் தேடியிருக்காக. ஆளு இல்லைன்னதும் அது எந்த எடம்னு தேட ஆரம்பிச்சுட்டாக. நம்ம வீட்டுக்கு வெள்ளையடிச்ச சேவுகன் தூணையும் சன்னலையும் பார்த்து, இது வயிரவன் வீட்டுப் பின்கட்டாச்சேன்னு கத்திப்புட்டான்."

"பின்கட்டா? அதை இவரு எங்கடி பார்த்தாரு?"

மூக்காயி முத்துராமனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒங்க முதுகுக்குப் பின்னாடி கதவைச் சாத்த மறந்துட்டோம் மொதலாளி, மாப்பிள்ளை ஒத்த மூட்டை விடாம வரைஞ்சு வச்சிருக்காரு!"