ஏழு கிணறும் ஒரு குழாயும்

சோம்பேறிகள் உழைப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு வேலையிலிருந்து தப்புவதற்காகச் சோம்பேறி படும் பாட்டை அந்த வேலையிலேயே பட்டிருந்தால் அவன் எப்போதோ முன்னேறியிருப்பான். இதை நான் எங்கும் படித்துச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில், வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் குளியலறையில், ஏழு வெற்றுப் போத்தல்களை வரிசையாக அடுக்கி வைத்து நானே நிரூபித்தேன்.

என் ராத்தா (அக்காவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) மலேசியாவுக்குப் படிக்கப் போய், அங்கே படித்த ஜாவாக்காரர் ஒருவரைக் கல்யாணம் முடித்துக்கொண்டு வந்தவள். மச்சான் ஆரிஃப் தங்கமான மனிதர். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து தங்குவது எங்கள் வழக்கம் என்றதும் மறுபேச்சில்லாமல் பெட்டியோடு வந்து என் அறையில் தங்கிவிட்டார். (நான் ஹோலுக்கு மாற்றப்பட்டேன். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.)

ராத்தாவின் முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாகக் கதைக்கப் பழகியிருந்தோம். இரண்டாவது தடவை ஏழாம் மாதத்தைத் தொட்டதும் மச்சானின் தாயார் ஜாவாவிலிருந்து விமானமேறி வந்தார். அவரை 'இபு' என்று அழைக்கச் சொன்னார்கள். தாய் என்று அர்த்தமாம். இபுவுக்குத் தமிழ் தெரியாது, உம்மாவுக்கு அவர் பாஷை தெரியாது. ஆனாலும் ஸலாம், மாஷா அல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு இருவரும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள்.

இரண்டாம் நாள் இபு விஷயத்துக்கு வந்தார். அவர்கள் ஊரில் தலைப்பிள்ளையைச் சுமப்பவளை ஏழாம் மாதத்தில் குளிப்பாட்டுவார்களாம். அதற்கு ஏழு கிணற்றுத் தண்ணீர் வேண்டுமாம்.

"இதெல்லாம் மார்க்கத்தில ஈக்கியா மகன்?" என்று உம்மா மச்சானிடம் கேட்டார். அப்போது உம்மாவின் கையில் உப்பும் ஐந்து காய்ந்த மிளகாயும் இருந்தன. கண்ணூறு கழிய ராத்தாவின் தலையைச் சுற்றி எடுத்து, அடுப்பில் போடப் போய்க்கொண்டிருந்தார். மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, மரியாதை தெரிந்தவர் என்பதால், ஜன்னலைப் பார்த்தார்.

"சூரா மர்யமும் சூரா யூசுபும் ஓதித்தான் உம்மா தண்ணி ஊத்துற" என்றார். (தமிழை அவர் உம்மாவிடமே கற்றதால் அப்படியே உம்மா மாதிரிக் கதைப்பார்.)

குர்ஆன் ஓதல் இருக்கிறது என்றதும் உம்மா தெளிந்துவிட்டார். "அப்ப சரி. தண்ணிக்கு இவன் போவான். சும்மாதானே ஈக்கிறான்."

நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் மாளிகாவத்தையில் ஒரு பள்ளிவாசலுக்குப் போனேன். அங்கே கிணற்றைக் கொங்கிறீட் போட்டு மூடி அதன்மேல் மோட்டர் வைத்திருந்தார்கள். அடுத்துக் கூட்டாளி ஒருவனுடைய வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டுக் கிணற்றின் மேல் அவன் பைக் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு கிணறு பார்த்தாயிற்று, இரண்டிலும் தண்ணீர் இல்லை, ஆகவே கொழும்பில் கிணறே கிடையாது என்ற முடிவுக்கு வந்து பஸ் ஏறினேன்.

அதன் பிறகுதான் நான் உழைக்கத் தொடங்கினேன். ஏழு போத்தல்களையும் எங்கள் குளியலறைக் குழாயில் நிரப்பினேன். கடற்கரைப் பக்கத்துக் கிணறு உப்புக் கரிக்கும் என்பதால் ஒன்றில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். வத்தளைக் கிணறு மாமரத்தடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றில் ஒரு சருகைத் திணித்தேன். ஒன்றுக்குப் பூச்சாடியிலிருந்து கொஞ்சம் மண். ஒவ்வொன்றிலும் ஊரின் பெயரை எழுதி ஒட்டினேன். சோதனைக்கு அப்படி உழைத்திருந்தால் அந்த வருடம் நான் பாஸாகியிருப்பேன்.

இபு ஒவ்வொரு போத்தலாக எடுத்து, யார் தந்தார்கள் என்று மச்சான் மூலம் விசாரித்தார். அங்கே நான் சுருக்கமாக முடித்திருக்கலாம். ஆனால் கொட்டாஞ்சேனைப் போத்தல் வந்தபோது எனக்குக் கற்பனை பொங்கிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் அந்த வீட்டு அன்ட்டி தானே கயிறு பிடித்து இறைத்துத் தந்தார் என்றேன். கண் கலங்கினார் என்றேன். இதைக் கேட்டு இபுவும் கண் கலங்கினார். மச்சானும் கலங்கினார். எனக்கே கொஞ்சம் கலங்கியது.

மறுநாள் காலை பெண்கள் மட்டும் கூடி ராத்தாவைக் குளிப்பாட்டினார்கள். நான் வெளியே கொரிடோரில் நின்று இபு ஓதுவதைக் கேட்டேன். மர்யம் சூரா ஓதும்போது அவர் குரல் நடுங்கியது. ஒவ்வொரு தண்ணீருக்கும் பிஸ்மி சொல்லி ஊற்றினார். உள்ளே எங்கள் குழாய்த் தண்ணீர் ஏழு தடவை பிஸ்மியோடு விழுந்துகொண்டிருந்தது. 

நண்பகல் லுஹர் தொழுததும் மச்சான் வந்தார். பின்னால் இபு புதுச் சாரம் உடுத்து, தலையில் வெள்ளை முந்தானையுடன் தயாராக நின்றார். பக்கத்தில் ஒரு பெரிய கூடை. அதில் ஏழு பெட்டி மஞ்சள் சோறு, கோழியும் முட்டையுமாக. விடியற்காலை சுபஹிலிருந்து உம்மாவும் இபுவும் குசினியில் நின்று ஆக்கியது.

"இது கெணத்துக்காரங்களுக்கு" என்றார் மச்சான். "தண்ணி தந்த ஏழு வீட்டுக்கும் சாப்பாடு குடுக்கணும். அவங்களும் துஆ கேட்பாங்க. இபு நேர்ல போகணுமாம். மொதல்ல அந்தக் கொட்டாஞ்சேனை அன்ட்டி வீடு. எனக்கு ஒபிஸ் ஈக்கி, நீதான் வழி காட்டணும்."

டிராஃபிக் மோசம் என்றேன். மழை வரும் என்றேன். அன்ட்டி ஊரில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நேற்றுத்தானே கயிறு பிடித்து இறைத்தார் என்பது நினைவு வந்தது.

ஒரு த்ரீவீலரை மறித்தேன். "அய்யே, கொட்டஹேனட்ட யமு" என்று கொட்டாஞ்சேனைக்குப் போகச் சிங்களத்தில் சொன்னேன். டிரைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், தலையை மட்டும் ஆட்டினார். வழி நெடுக இபு கூடையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மடியில் வைத்து ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நானும் ஓதினேன். நான் கேட்டது பூமி பிளக்க வேண்டும் என்று.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் விட்டு, மரம் இருந்த ஒரு வீட்டைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். மரம் இருந்தால் கிணறும் இருக்கக்கூடும் என்பது என் கணக்கு. மணியை அடித்ததும் அறுபது வயது அம்மா ஒருவர் வந்தார். கழுத்தில் சிலுவை.

"ஆர் தம்பி நீங்கள்? நாங்கள் சாப்பாடு ஒண்டும் ஓடர் பண்ணேல்லையே."

நான் வாயைத் திறக்குமுன் இபு இறங்கிவிட்டார். நேரே போய் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, பெட்டியைக் கொடுத்து, கண்ணீர் விட்டார். முன்பின் தெரியாத ஒருத்தி வாசலில் வந்து அழுதால் யாருக்கும் பயம் வரும். அந்த அம்மா பெட்டியைத் தூரப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இபு அடுத்ததாக இரண்டு கையாலும் கயிறு இழுப்பதுபோலக் காட்டினார்.

"என்ன, கயிறிழுக்க வரச் சொல்லுறாவோ?"

"கிணத்தப் பாக்கணுமாம், அன்ட்டி" என்றேன் கீழ்க்குரலில்.

"கிணறோ? நாங்கள் இங்க வந்த நாளில இருந்து பைப் தண்ணி தானே."

நான் இபுவின் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "வெல்... ரிப்பேர்" என்றேன். இபு மிகுந்த அனுதாபத்தோடு தலையசைத்தார். தப்பினேன் என்று மூச்சு விட்டேன்.

அந்த மூச்சு முடியவில்லை. டிரைவர் வண்டியை விட்டு இறங்கி வந்தார். இபுவைப் பார்த்து, அவர் பாஷையிலேயே, நிதானமாக நாலு வசனம் பேசினார். இபுவின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு டிரைவர் என்னைக் காட்டினார், வீட்டைக் காட்டினார், வெறும் கையை விரித்தார். மலர்ந்த முகம் அப்படியே என் பக்கம் திரும்பியது.

"நான் மலாய், மகன்" என்றார் டிரைவர் தமிழில். "எங்கட மூத்தாக்கள் அந்தப் பக்கத்தால வந்தவங்க. இவங்க கதைக்கிறது முழுசா வெளங்காட்டியும் முக்காவாசி வெளங்கும். கெணறு ரிப்பேர் இல்ல, கெணறே இல்லையெண்டு இவங்களுக்குச் சொன்ன."

கொழும்பில் எத்தனையோ ஆயிரம் த்ரீவீலர் ஓடுகிறது. நான் மறித்தது அதை.

இபு மெதுவாக ஏதோ கேட்டார். டிரைவர் மொழிபெயர்த்தார்: "கெணறு இல்லாட்டி, கொழும்புல பக்கத்து வீட்டுல ஆக்களும் இல்லையாண்டு கேக்கிறாங்க."

எல்லாம் எங்கள் குழாய்த் தண்ணீர் என்று ஒப்புக்கொண்டேன். அதை டிரைவர் இபுவுக்கும் சொன்னார். பிறகு இபுவிடம் கேட்டறிந்த விஷயத்தை அந்த அம்மாவுக்கும் விளக்கினார், ஏற்கெனவே ஒரு பிள்ளை தங்கவில்லை என்பது உட்பட. அந்த அம்மாவின் முகம் மாறியது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஐயோ, நல்லபடியாப் பெத்தெடுக்கட்டும். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திறன்" என்றார். இபு உடனே கையை நீட்டி டிரைவரிடம் ஏதோ சொன்னார். அவர் அதை எடுத்துச் சொன்னதும் அந்த அம்மா உள்ளே போய்க் குசினிக் குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தார். இபு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என்னிடம் ஆறு விரலைக் காட்டினார். அவ்வளவுதான். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் உம்மா இருபது நிமிடம் ஏசினார். அது எனக்குப் பழக்கம். ராத்தா ஏசவில்லை. காலையில் குளித்த தலையைக் கோதிக்கொண்டு, "என்ட புள்ளைக்குத்தானேடா கேட்ட" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவரை இருந்தது மாட்டிக்கொண்டோமே என்ற கவலை மட்டும். இரண்டும் வேறு வேறு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மிச்ச ஆறு பெட்டியோடும் ஆறு வெற்றுப் போத்தலோடும் எங்கள் கட்டடத்திலேயே கதவு தட்டப் புறப்பட்டேன். அங்கே நாங்கள் குடிவந்து அப்போது மூன்று வருடம். அயலவர்களை வாசலில் கழற்றி விட்ட செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும். முதல் வீட்டில், "உங்கட வீட்டில தண்ணி நிண்டிட்டா?" என்று பதறி, அந்த ஐயா மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கவே போய்விட்டார். நாலாம் மாடி யாழ்ப்பாணத்து டீச்சர், "பொறுங்கோ தம்பி, இப்பிடிச் சும்மா தரக்கூடாது" என்று போத்தலைச் சாமியறைக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டுவிட்டுத் தந்தார். மூன்றாம் மாடிச் சிங்கள மாமா பிக்குமார் பிரித் ஓதிய தண்ணீரை ஒரு மிடறு கலந்து தந்தார். இரண்டாம் மாடி ஹாஜியார் அலமாரிப் பூட்டைத் திறந்து மக்காவின் ஸம்ஸம் தண்ணீர் கொஞ்சம் ஊற்றினார். எல்லோரும் நின்று ராத்தாவைப் பற்றிக் கேட்டார்கள். எத்தனை மாதம், வாந்தி இருக்கிறதா, கால் வீங்குகிறதா. மூன்று வருடக் கதையை அன்று ஒரே மூச்சில் கதைத்தார்கள்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு மொட்டை மாடியில் ஒரே ஒரு தாங்கிதான். ஸம்ஸத்தையும் பிரித்தையும் கழித்துவிட்டால், அந்த ஆறு போத்தலிலும் இருந்தது காலையில் நான் ஏமாற்றிய அதே தண்ணீர். இதை நான் மச்சானிடம் சொன்னேன். அவர் இபுவிடம் சொல்ல மறுத்துவிட்டார். என் நன்மைக்காக என்றார்.

உம்மா போத்தல்களைப் பார்த்தார். எது டீச்சருடையது, எது பிரித் என்று எனக்கே தெரியவில்லை. உம்மா ஏதோ கேட்க வாயெடுக்குமுன் இபு ஏழையும் ஒரே சட்டிக்குள் ஊற்றி, பிஸ்மி சொல்லிக் கலக்கிவிட்டார். மாலை அஸருக்குப் பிறகு ராத்தா அன்று இரண்டாவது தடவை குளித்தாள். மர்யம் சூரா மறுபடி முதலிலிருந்து. அடுத்த நான்கு நாளும் அவள் தும்மினாள், ஒவ்வொரு தும்மலுக்கும் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. பெண். பெயர் மர்யம். இப்போது ஒன்பது வயது, கட்டடத்தில் ஆறு வீட்டிலும் அவளுக்குச் சாப்பாட்டுக் கோப்பை உண்டு. கொட்டாஞ்சேனை அன்ட்டி கிறிஸ்மஸுக்குக் கேக் அனுப்புவார், அந்த டிரைவரே கொண்டுவருவார். நான் எதை வீட்டுக்கு வாங்கி வந்தாலும், மாம்பழமோ மருந்தோ, "எந்தக் கெணறு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். என் நிக்காஹ் அன்று சம்மதம் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் இதே கேள்வி எழுந்தது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. மச்சானின் குரல் எனக்குத் தெரியும்.

போன மாதம் என் மனைவிக்கு ஏழாம் மாதம். (வழக்கப்படி நான் இப்போது அவள் வீட்டோடு.) எங்கள் கட்டடத்தில் ஏழு வீட்டுத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று உம்மாவே சொன்னார், அது ஏதோ எங்கள் பரம்பரை வழக்கம் என்பதுபோல. நான் போத்தலை எடுக்கக் கையை நீட்டினேன். உம்மா அதை மர்யமிடம் கொடுத்தார். என் பிள்ளை, நான் போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் சோற்றுப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு பின்னால் வர மட்டும் அனுமதி கிடைத்தது.

நாலாம் மாடியில் டீச்சர் கதவைத் திறந்தார். அவருக்கு இப்போது கண் பார்வை குறைவு, பின்னால் நின்ற என்னைக் கவனிக்கவில்லை.

"எங்க பிள்ளை, மாமா வரேல்லையோ?"

"வந்தீக்கிறார் டீச்சர்" என்றாள் மர்யம். "ஆனா அவர்ட கையில தண்ணி குடுக்க வாணாம்."